அமிர்தியை மூடணுமா? கூண்டுல காட்டு விலங்கு: ஒரு இழை

11 மே 2025. ஆற்காட்டுத் தம்பி கேட்டது

லீவுக்குப் பிள்ளைங்களை வேலூர் பக்கம் அமிர்தி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். முதலை ஒரு மணி நேரமா கல்லு மாதிரி கிடக்குது. கம்பிக்கு வெளியே நாலு பசங்க தண்ணி பாட்டில் மூடியை அது மேல எறிஞ்சு "உசுரு இருக்கா"ன்னு பாக்குறாங்க. "அப்பா, இது என்ன தப்பு பண்ணுச்சு"ன்னு என் பொண்ணு கேட்டா. எனக்குப் பதில் வரலை. இந்த மாதிரி பூங்கா எல்லாத்தையும் மூடிட்டு, விலங்குகளை மலையிலேயே விட்டுடணும். இல்லைன்னு சொல்றவங்க இருக்கீங்களா?

11 மே, இரவு

பாதிக்கு நான் இருக்கேன் தம்பி.

முதலை அசையாம கிடந்தா கஷ்டப்படுதுன்னு அர்த்தம் இல்லை. அது உடம்புச் சூட்டை வெயில்ல இருந்துதான் எடுத்துக்கும். சூடு ஜாஸ்தி ஆச்சுன்னா வாயைப் பிளந்து வெச்சுக்கும், இல்லைன்னா தண்ணியில இறங்கிடும். காட்டு ஆத்துல இருக்குற முதலையும் பகல்ல பாறை மேல இப்படித்தான் கிடக்கும். அங்க நடந்த தப்பு மூடி எறிஞ்சதுதான். பூங்காவுல பிராணியைச் சீண்டுறது வன உயிரினச் சட்டத்துல 38ஜே பிரிவுப்படி குற்றம். வாட்சர்கிட்ட சொல்லியிருக்கலாம்.

"மலையிலேயே விட்டுடணும்"னு எழுதினீங்களே, அதுதான் எனக்கு இடிக்குது. நானும் ஒண்ணைத் திறந்து விட்டிருக்கேன். நாளைக்கு எழுதுறேன்.

12 மே

எனக்கு அப்போ ஒன்பது வயசு. பொய்கை சந்தைக்கு மாடு பாக்கப் போன அப்பா, மாடு படியாம, திரும்புற வழியில ஒரு கிளிக்குஞ்சை வாங்கிட்டு வந்தார். பனைமரப் பொந்துல இருந்து எடுத்தது. உடம்பெல்லாம் தோல் தெரியும், இறக்கை இருக்க வேண்டிய இடத்துல பென்சில் முனை மாதிரி பச்சை முளை. கடலைப்பருப்பை ஊற வெச்சு அம்மியில அரைச்சு அம்மா விரல் நுனியில ஊட்டினாங்க. பொழைச்சுது. இறக்கை வளர்ந்ததும் சித்தப்பா கத்தரிக்கோலால ரெண்டு பக்கமும் வெட்டினார். தாழ்வாரத்து உத்திரத்துல கம்பிக்கூண்டைத் தொங்க விட்டோம்.

சாயங்காலம் அஞ்சரை ஆனா ஏரிப் பக்கம் இருந்து ஒரு கூட்டம் தென்னந்தோப்புக்குப் போகும். எங்க வீட்டு ஓட்டுக்கு மேல கத்திக்கிட்டே போகும். அந்த நேரத்துக்கு எங்க கிளி வெளிப்பக்கக் கம்பியை அலகால கவ்விப் பிடிச்சுக்கும். பகல் பூரா "அக்கா வா, அக்கா வா"ன்னு பேசுற கிளி, அப்போ மட்டும் நாங்க சொல்லிக் குடுக்காத ஒரு சத்தம் போடும். கூட்டம் போன பிறகும் கொஞ்ச நேரம் கம்பியை விடாது.

அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாம ஒரு பொங்கல் லீவுல யாருக்கும் சொல்லாம கதவைத் திறந்தேன். வெளியே வந்துது, கூண்டு மேல ஏறி உக்காந்துது. அரை மணி நேரம் கழிச்சு தானே உள்ள போய்க் கிண்ணத்துல சாப்பிட்டுது. மறுநாள் நான் கையில எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு ஓடி வந்துட்டேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில வைக்கோல் அடியில கிடைச்சுது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருந்துது. அங்க இருந்து பத்தடியில கொய்யா மரம், மரம் நிறையப் பழம். அதுக்குத் தெரிஞ்ச கொய்யா கிண்ணத்துல துண்டு போட்டு வெச்ச கொய்யா. அன்னைக்கு ராத்திரி என் மடியிலேயே செத்துப் போச்சு.

இறக்கையை வெட்டினா வெட்டினதுதான், திரும்ப முளைக்காது. வளத்த கிளியைத் திறந்து விடுறது அதைக் கொல்றதுக்குச் சமம். எங்க எதிர் வீட்டு அத்தைகிட்ட இன்னைக்கும் ஒரு கிளி இருக்கு. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

14 மே

மேல எழுதினதுல ஒரு தப்பு. கூடப் படிச்சவர் ஒருத்தர் கால்நடை டாக்டர், படிச்சுட்டு போன் பண்ணினார். வெட்டின இறகு நம்ம நகம் மாதிரிதான். வருஷத்துக்கு ஒரு தடவை இறகு உதிரும்போது அடிக்குருத்தும் விழுந்து புதுசு முளைக்குமாம். எங்க வீட்டுல அது முளைக்க முளைக்க வெட்டிக்கிட்டே இருந்திருக்காங்க, அது எனக்குத் தெரியலை. பறக்க முடியாததுக்குக் காரணம் இறகு மட்டும் இல்லை. நெஞ்சுச் சதை வேலை இல்லாம வத்திப் போயிருக்கும். ரெண்டும் திரும்ப வரக்கூடியது, அவசரப்படாம பழக்கணும்னு சொன்னார்.

அந்தக் கிளியை நான் இப்படித் தூக்கி விட்டிருக்க வேண்டியதில்லைன்னு இத்தனை வருஷம் கழிச்சுத் தெரியுது.

18 மே

குடியாத்தம் அண்ணன் கோவமா எழுதியிருக்கார். "நீங்க கிளிக்கு அழறீங்க. போன டிசம்பர்ல கே.வி. குப்பம் பக்கம் துருகத்துல இளவயசுப் பொண்ணு ஒருத்தியைச் சிறுத்தை அடிச்சுக் கொன்னுச்சு. பிடிச்சு வண்டலூர்ல போட்டா என்ன தப்பு?"

அண்ணே, அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி நின்னு நான் எந்த நியாயமும் பேச மாட்டேன். ஆள் அடிச்ச சிறுத்தைன்னு உறுதியானா அதைப் பிடிச்சே ஆகணும், பிடிச்சதைத் திரும்ப விடவும் கூடாது. கூண்டு தேவைப்படுற இடம் இது ஒண்ணுன்னு ஒத்துக்குறேன்.

ஆனா கண்ணுல பட்ட சிறுத்தையை எல்லாம் பிடிச்சா என்ன ஆகும்னு மகாராஷ்டிராவுல ஜுன்னார்ல பாத்தாச்சு. 2000க்குப் பிறகு அங்க கரும்புக் காட்டுல இருந்த சிறுத்தைகளைக் கும்பலா பிடிச்சு வேற காட்டுல கொண்டு போய் விட்டாங்க. ஆள் தாக்குறது குறையலை, ஏறிப் போச்சு. சிறுத்தை ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவும் கூட இருந்தவங்களும் அதைப் பல வருஷம் ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. ஒரு சிறுத்தையை எடுத்தா அந்த இடத்துக்கு ஊரும் பாதையும் தெரியாத இளசு ஒண்ணு வரும். கொண்டு போய் விட்ட சிறுத்தையும் புது இடத்துல திக்குத் தெரியாம அலையும். 2024 ஜூன்ல திருப்பத்தூர்ல பள்ளிக்கூடத்துக்குள்ள புகுந்த சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சாங்களே, அது சரி. அது ஊருக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, வேற வழி இல்லை. ஆனா மலையடிவாரத்துல நடமாடுறதுக்காக மட்டும் பிடிக்கிறது வேற கதை. அங்க ராத்திரி வெளிச்சமும், ஆட்டுக்கு மேல மூடின பட்டியும், வீட்டோட கக்கூஸும் குடுத்தாலே பாதி உசுரு தப்பும்.

19 மே

பேரணாம்பட்டு பாய் கேட்டது: "யானையை எந்தக் கூண்டுல போடுவீங்க?" பாய் சொல்றது கௌண்டின்யா காட்டு யானைங்க. 1980கள்ல ஓசூர் பக்கம் இருந்து நடந்து வந்து சித்தூர்க் காட்டுல தங்கின கூட்டம். அதுங்களுக்கு ஆந்திரா எல்லையும் தெரியாது, வாழைத் தோப்பு யாரோடதுன்னும் தெரியாது. பாயோட நஷ்டத்துக்கு என்கிட்ட பதில் இல்லை. யானை பத்தி தனியா எழுதணும்.

25 மே

கத்திரி வெயில். இந்த நாள்லதான் ஜவ்வாது மலையில இருந்து மான் தண்ணி தேடி அடிவாரத்துக்கு இறங்கும். அதனால இதை இப்பவே எழுதிடுறேன். படிக்கிறவங்க கணியம்பாடி, ஒடுகத்தூர் பக்கம் இருந்தா வீட்டுல சொல்லுங்க.

2009ல மாமா நிலத்துல வேர்க்கடலைக்குக் களை எடுக்கும்போது வரப்போரம் புதருக்குள்ள ஒரு புள்ளிமான் குட்டி. தலையைத் தரையோட ஒட்டி வெச்சுக்கிட்டுக் கண்ணை மட்டும் உருட்டுது. தாயைக் காணோம். "ஐயோ அநாதை"ன்னு நாங்க எல்லாரும் ஒண்ணு சேந்து தூக்கிட்டு வந்தோம். பசும்பால் காய்ச்சி ஆற வெச்சு ஃபீடிங் பாட்டில்ல குடுத்தோம். தெருவே வந்து தொட்டுப் பாத்துது, நானும் மடியில வெச்சு போட்டோ எடுத்தேன். அன்னைக்கு ராத்திரியே கழிச்சல். மூணாம் நாள் காலையில விறைச்சுக் கிடந்துது.

தகவல் தெரிஞ்சு வந்த பாரஸ்டர் எங்களைத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பொறுமையா சொன்னார்: அது அநாதை இல்லை. தாய் மான் குட்டியைப் புதர்ல படுக்க வெச்சுட்டு மேயப் போகும். குட்டி மேல வாசனை ரொம்பக் குறைவு, அசையாம கிடந்தா நரியோ நாயோ பக்கத்துல வந்தாலும் தெரியாது. தாய் அப்பப்போ வந்து பால் குடுத்துட்டுப் போகும். "நீங்க தூக்கிட்டு வந்த பிறகு அந்த இடத்துக்கு அது வந்து தேடியிருக்கும்"னு சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் பதினாறு வருஷமா என்கிட்ட இருக்கு.

பெரிய மானுக்கும் இதுதான். தரைக்கிணத்துல விழுந்த மானை அம்பது பேர் கத்திக்கிட்டே கயிறு கட்டித் தூக்குவாங்க. உசுரோட மேல வந்துடும், வீடியோ எடுப்பாங்க, கைதட்டுவாங்க. மறுநாளோ அதுக்கு மறுநாளோ செத்துப் போகும். துரத்துற பயத்துலயும் பிடிபட்ட அதிர்ச்சியிலயும் அதோட தசையே சிதைஞ்சு ரத்தத்துல கலந்து சிறுநீரகம் நின்னுடும். கூட்டத்தை விலக்கி, கண்ணைத் துணியால கட்டி, சத்தம் இல்லாம தூக்கினா பொழைக்க வாய்ப்பு இருக்கு. மான் மாதிரி பிராணிக்கு நம்ம கை பட்டதே ஒரு கூண்டு.

2 ஜூன்

ஆற்காட்டுத் தம்பி கேக்குறார்: "அப்போ காட்டுப் பிராணியைக் கையாலேயே தொடக் கூடாதுன்னு சொல்லிடுங்களேன், முடிஞ்சுது."

சொல்ல முடியலை தம்பி. என் அம்மாவை வேர்க்கடலைக் கொல்லையில கண்ணாடி விரியன் கடிச்சுது. கணுக்கால் வீங்கி, ஈறுல ரத்தம் கசிஞ்சு, வேலூர்ல ஆஸ்பத்திரியில சேத்தோம். விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலா ஏறிச்சு. பொழைச்சாங்க, இன்னைக்கும் அதே கொல்லைக்குப் போறாங்க.

அந்த மருந்துக்கு விஷம் எங்க இருந்து வருது? பிடிச்சு வெச்ச பாம்புகிட்ட இருந்து. மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ல இருந்து இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான். வனத்துறை அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல பிடிக்கக் கூடாது. மண்பானையில மணல் போட்டு, வாயைத் துணியால கட்டி வெப்பாங்க. மூணு நாலு வாரத்துல சில தடவை விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் போட்டு, காட்டுல விட்டுடுவாங்க. அதே பாம்பு சீக்கிரமே திரும்ப மாட்டினா அந்த அடையாளத்தைப் பாத்து விட்டுடலாம். அந்த இருளர்கள்ல வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. எங்க பக்கத்து இருளர் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குப் பாத்தேன்.

பானையும் சிறைதான். ஆனா அதுக்குத் திறக்குற தேதி ஒண்ணு இருக்கு. எங்க தாழ்வாரத்துல தொங்கின கூண்டுக்குத் தேதியே கிடையாது. இந்த இழையில நான் சுத்திச் சுத்திச் சொல்ல வந்தது இதுதான்னு இப்போ தோணுது. கூண்டு பெருசா சின்னதான்னு பாக்குறதுக்கு முன்னாடி, அது எப்போ திறக்கும்னு கேக்கணும்.

8 ஜூன்

ராத்திரி யோசிச்சுப் பாத்தேன், மேல சொன்னது முழுசா நிக்கலை. பூங்காவுலேயே பிறந்த சிங்கத்துக்கு எந்தத் தேதியைப் போடுறது? சாத்தனூர் அணை முதலைப் பண்ணையையே எடுத்துக்குங்க. 1970கள்ல நாட்டுல முதலை அத்துப் போற நிலைமை வந்தப்போ முட்டையைப் பொறிக்க வெச்சு வளத்து ஆத்துல, அணையில விடத்தான் இந்த வேலையே ஆரம்பிச்சுது. நல்ல நோக்கம், பலனும் இருந்துது. ஆனா சதுப்பு முதலை கூண்டுலயும் நல்லா முட்டை போட்டுப் பெருகுற ஜாதி. விட இடம் தீர்ந்து போச்சு, ஊர்க்காரங்களும் வேண்டாம்னுட்டாங்க, விடுறது நின்னுது. முதலை மட்டும் பண்ணைகள்ல பெருகிக்கிட்டே இருந்துது. திறக்கக் கட்டின கூண்டு திறக்காமலே போன கதை அது.

நேர் எதிர் கதையும் இருக்கு. அரேபிய ஓரிக்ஸ் மான், காட்டுல இருந்த கடைசியை 1972ல சுட்டுட்டாங்க. பூங்காக்கள்ல இருந்ததைப் பெருக்கி 1982ல ஓமன் பாலைவனத்துல திரும்ப விட்டாங்க. பூங்கா இல்லைன்னா அந்த ஜாதியே கிடையாது. இதனாலதான் "எல்லாத்தையும் மூடு"ன்னு எனக்குச் சொல்ல வரலை.

சிவிங்கிப் புலி, அதான் சீட்டா, மூணாவது கதை. அக்பர்கிட்ட வேட்டைக்குன்னு நூத்துக்கணக்கில இருந்துது. அரண்மனையில குட்டி போட்டது ஒரே ஒரு தடவைன்னு ஜஹாங்கீர் எழுதி வெச்சிருக்கார். அப்போ ஒவ்வொண்ணும் காட்டுல இருந்துதானே வந்திருக்கும்? ராஜா வீட்டுல கூட்டம் ஏற ஏற காடு காலியாச்சு. 1952ல இந்தியாவுல அத்துப் போச்சுன்னு அறிவிச்சாங்க. 2022ல நமீபியாவுல இருந்து எட்டு கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுல விட வேண்டியதாச்சு. பொய்கை ரோட்டுல அப்பா வாங்கின குஞ்சுக்காக ஒரு பனைப் பொந்து காலியானதும் இதே கணக்குதான்.

யானைக்கு வர்றேன்னு பாய்கிட்ட சொல்லியிருந்தேன். 2008ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துது. ஐரோப்பியப் பூங்காவுல பிறந்த ஆசியப் பெண் யானைங்க பாதிக்குப் பாதி 19 வயசுக்குள்ள போய்ச் சேருது. பர்மாவுல மரம் இழுக்குற யானைங்களுக்கு அந்தக் கணக்கு 42 வயசு. ரெண்டுமே அடிமை யானைதான். ஆனா பர்மா யானையை ராத்திரி காட்டுல மேய விடுவாங்க, கூட்டத்தோட இருக்கும், நாள் பூரா நடக்கும். நம்ம தெப்பக்காடு முகாம் யானைகளையும் அப்படி மேய விட்டு வளத்தாங்க. 2009ல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பூங்காக்கள்ல யானை வெக்க வேண்டாம்னு சொன்னப்போ நான் எரிச்சல்பட்டேன், பிள்ளைங்க யானையை எங்கதான் பாக்குமோன்னு. இந்தக் கணக்கைப் படிச்ச பிறகு அந்த எரிச்சல் போச்சு. திருவண்ணாமலை கோயில் யானை ருக்கு 2018 மார்ச்ல செத்தப்போ எங்க வீட்டுல ஒரு நாள் யாரும் சரியா சாப்பிடலை. அதுகிட்ட ஆசீர்வாதம் வாங்கி வளந்த கை இது. ஆனா கல் தரையில வருஷக்கணக்கா நின்ன அந்தக் காலைப் பத்தி நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை.

9 ஜூன்

சர்க்கஸ் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். கோட்டை மைதானத்துல கூடாரம் போட்டப்போ பாத்தேன், பேரு வேண்டாம். ஆட்டம் முடிஞ்சு பின்பக்கம் போனா, வண்டிக் கூண்டுக்குள்ள ஒரு புலி. நாலு எட்டு, திரும்பும். நாலு எட்டு, திரும்பும். திரும்புற இடத்துல கம்பியில அதோட தோள் உரசி முடி கொட்டி வழுக்கையா இருந்துது. 1998 அறிவிக்கையில புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு அஞ்சையும் வித்தை காட்டத் தடை பண்ணினாங்க. 2001ல சுப்ரீம் கோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. இதுல விவாதிக்க எனக்கு ஒண்ணும் இல்லை.

29 ஜூன்

ஆரணித் தங்கச்சி நேரா கேட்டுட்டாங்க: "அண்ணா, ஓமன் மான் வரைக்கும் போயிட்டீங்க. எதிர் வீட்டு அத்தைகிட்ட கிளி இருக்குன்னு மே மாசமே எழுதினீங்க. அது சட்டப்படியே தப்பாச்சே. அவங்ககிட்ட பேசினீங்களா?"

பேசலை. உண்மை.

சட்டம் நீங்க சொல்றதுதான். பச்சைக்கிளி நம்ம நாட்டுப் பறவை, வீட்டுல வெக்கவோ விக்கவோ கூடாது, லைசென்ஸும் கிடையாது. லவ் பேர்ட்ஸ் வேற, அது வெளிநாட்டு ஜாதி. ஆனா அத்தைக்கு எழுபது வயசு, மாமா போய் அஞ்சு வருஷம் ஆச்சு, பிள்ளைங்க வெளியூர்ல. காலையில வாசல் தெளிக்கும்போது அந்தக் கிளிகிட்டதான் பேசுறாங்க. "உங்க கிளி குற்றம்"னு அவங்க வீட்டுப் படியில நின்னு எப்படிச் சொல்றது? இங்க நாள் கணக்கா எழுதிட்டு அங்க வாயைத் திறக்காம இருந்தேன். இந்த வாரம் போறேன்.

13 ஜூலை

போனேன். என் கிளிக் கதையைத்தான் சொன்னேன், சட்டம் பேசலை. மாட்டுக் கொட்டகை வந்ததும் அத்தை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க: "நீ கொண்டு போய் விட்டா அது யார்கிட்டப்பா பேசும்?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கு போன் பண்ணி விசாரிச்சேன், கொண்டு வந்து ஒப்படைக்கலாம்னாங்க. டாக்டர் நண்பர்கிட்டயும் கேட்டேன். முதல்ல அறைக்குள்ள பறக்க விடுங்க, ஜன்னலுக்குக் கொசுவலை அடிங்க, தோல் உரிக்காத பழத்தைக் கிளையோட கட்டித் தொங்க விடுங்க, அது தானே கடிச்சுத் தின்னப் பழகட்டும்னு சொன்னார். இதை அத்தைகிட்ட சொன்னப்போ அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "மேல ஃபேன் சுத்துதே, அடிபட்டுடாது?"

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

கலந்த சாதம் குடுக்க அத்தை கூப்பிட்டாங்க. அந்த அறையில ஃபேன் ஓடலை. மூணு வாரமா பகல்ல போடுறதே இல்லையாம். வேலூர்ல ஓட்டு வீட்டுல, பகல் ரெண்டு மணிக்கு. கையில பனை விசிறி.

கிளி பீரோ மேல உக்காந்திருந்துது. இறகு முளைச்சு நுனி புதுசா பளபளன்னு இருக்கு. முதல் வாரம் குதிச்சுக் கட்டில்ல விழுந்துதாம். அடுத்த வாரம் காலண்டர் ஆணி வரைக்கும். இன்னைக்கு என் கண்ணு முன்னாடி பீரோவுல இருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் போச்சு, பத்தடி இருக்கும். போய்க் கட்டித் தொங்குற கொய்யாவை ஒரு கால்ல பிடிச்சு, தோலைக் கிழிச்சுத் துப்பிட்டு விதையைத் தேடித் தின்னுது.

ஒப்படைக்கிறதைப் பத்தி அத்தையும் பேசலை, நானும் கேக்கலை. சட்டையெல்லாம் நனைஞ்சு போய் உக்காந்திருந்தேன். "உனக்காக வேணா கொஞ்ச நேரம் ஃபேன் போடட்டுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம் அத்தைன்னு சொன்னேன்.